கரையில் 61 நாள்: காசிமேட்டுக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஏழாம் வகுப்பு ஆண்டுத் தேர்வின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்ட ஒரு சிறுமியால்தான் இந்தக் குடும்பம் என்னிடம் வந்து சேர்ந்தது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தமும் சிறுநீரும் பார்த்தார்கள். வலிக்கு உடலில் காரணம் எதுவும் அகப்படவில்லை. வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று வகுப்பாசிரியை கேட்டபோது அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிய தாய், சில நாட்கள் கழித்து, ராயபுரத்தில் நான் வாரத்தில் இரண்டு நாள் உட்காரும் ஆலோசனை அறைக்குத் தாமாகவே வந்தார். அது 2024ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வாரம். குடும்பத்தாரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன்; அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குடும்பம்

கணவருக்கு 39 வயது. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தங்கலுக்குப் போகிறவர். ஒரு முறை போனால் கரை திரும்ப ஒரு வாரமும் ஆகும், 15 நாளும் ஆகும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதில்தான் பங்கு. மீன் படாத தங்கலில் பேட்டாவோடு வீடு வர வேண்டியதுதான். மனைவிக்கு 34 வயது. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டையில் தெருத்தெருவாக விற்கிறார். பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன், கணவரின் தாய் ஆகியோரோடு ஐந்து பேரும் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாம் மாடியில், ஓர் அறையும் சமையல் மேடையும் கொண்ட வீட்டில் இருக்கிறார்கள்.

முதல் சந்திப்பில் மனைவி மகளைப் பற்றியே பேசினார். எழுந்து போகும் நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று சொன்னார்: "அவரு கடலுக்குப் போயிட்டா எங்க வூடு அமைதியா இருக்கும் மேடம். அத வாயத் தொறந்து சொல்றதுக்கே எனக்கு கஷ்டமா கீது." இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள நான் செய்த முயற்சிதான்.

கணவர் மூன்றாவது சந்திப்புக்குத்தான் வந்தார். அவர் பக்கத்து நியாயமும் ஒரே மூச்சில் வந்தது: "வூட்ல நான் இருந்தாலே குத்தம். குந்துனா குத்தம், எழுந்தா குத்தம்." அவர் கண்ணுக்கு மனைவி எதற்கும் மரியாதை தராதவர், கணக்குக் கேட்பவர். மனைவியின் கண்ணுக்கு அவர் பொறுப்பில்லாதவர், குடிக்கிறவர், பேச்சைத் தொடங்கினால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறவர். எட்டு மாதம் கழித்து வந்திருந்தாலும் இருவரும் இதையே சொல்லியிருப்பார்களா என்ற கேள்வி அன்றைக்கே என் மனதில் எழுந்தது.

சேர்த்து உட்காரவைப்பதற்கு முன்னால் மனைவியைத் தனியாகப் பார்த்து, அடி உண்டா, மிரட்டல் உண்டா, அவரைக் கண்டு பயம் உண்டா என்று வெளிப்படையாகக் கேட்டேன். பயத்தில் இருக்கும் பெண்ணைக் கணவரின் பக்கத்தில் உட்காரவைத்து மனம் விட்டுப் பேசச் சொல்வது அவரை ஆபத்தில் தள்ளுவதாகும். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. ஒருமுறை சோற்றுத் தட்டு பறந்திருக்கிறது. கை ஓங்கியதில்லை, பயம் இல்லை என்று அவர் சொன்னார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேட்டேன், பதில் மாறவில்லை. 181 மகளிர் உதவி எண்ணை அப்படியும் எழுதிக் கொடுத்தேன். கணவரின் குடி வாரத்தில் இரண்டு மூன்று நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்தில் அதைவிடக் கூடுதல். குடிக்காத நாளில் கை நடுக்கமோ தூக்கமின்மையோ இல்லை. குடியைப் பொருட்படுத்தாமல் விடவில்லை. ஆனால் அதை மட்டுமே காரணமாக வைத்துக் கணக்கை முடித்துவிடவும் எனக்கு மனமில்லை.

அடகுச் சீட்டுகள்

நான்காவது சந்திப்புக்கு வரும்போது, வீட்டுக் கடன் பற்றி என்ன காகிதம் இருந்தாலும் எடுத்துவரச் சொன்னேன். மனைவி ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். உள்ளே அடகுச் சீட்டுகள். சில நான்காக மடித்து மடிப்பில் கிழிந்திருந்தன. ஒன்றில் ஈரக்கை பட்டு அடகுக் கடையின் முத்திரை கலங்கியிருந்தது. காகிதத்தில் மீன் வாடை இருந்தது. மகளின் கொலுசு, தம்முடைய கம்மல், மாமியாரின் மோதிரம் என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி மேசையில் வைத்தார். நான் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கினேன். 2021 மே, 2022 மே, அதே ஆண்டு ஜூன், 2023 மே, ஜூன். இடையில் தனித்து நின்றவை இரண்டு. இரண்டும் 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வந்த மாதம். அப்போது படகுகள் கட்டிக் கிடந்தன. கீழ்த்தளத்தில் குடியிருந்த கணவரின் அண்ணன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அந்தக் குடும்பமும் இவர்களோடு பத்து நாள் இருந்திருக்கிறது.

பிறகு வேறொரு தாளில், பெரிய சண்டைகள் என்று இருவரும் நினைவில் வைத்திருப்பவற்றை எழுதச் சொன்னேன். தட்டு பறந்த நாள் எது என்பதிலேயே தகராறு வந்தது. பையனுக்கு அம்மை போட்டிருந்த சமயம் என்றார் மனைவி. படகைக் கரையேற்றி அடிப்பாகத்துக்கு வேலை பார்த்த வாரம் என்றார் கணவர். இரண்டும் ஒரே மே மாதம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. கணவர் சீட்டுகளை ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாம் தடைக்காலம்" என்றார்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன்பு 45 நாளாக இருந்த இந்தத் தடை இப்போது 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காக ஏற்பட்ட தடை. அதன் தேவையைக் கணவரே ஒத்துக்கொள்கிறவர். தடைக்காலம் என்றதும் வருமானம் நின்றுபோவதை மட்டுமே எல்லோரும் பேசுகிறோம். இந்த வீட்டில் நடந்தது அதோடு நிற்கவில்லை.

நெருக்கடி எங்கே பிறக்கிறது

அமெரிக்கச் சமூகவியலாளர் ரூபன் ஹில், இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பிய ஆண்களின் குடும்பங்களை, ஐயோவா மாநிலத்தில் 135 குடும்பங்களை, ஆராய்ந்து 1949இல் தம் முடிவுகளை வெளியிட்டார். குடும்ப நெருக்கடி பற்றிய ஆராய்ச்சி இன்றும் அவர் போட்ட பாதையில்தான் பெருமளவு நடக்கிறது. நேர்ந்த சம்பவம் ஒன்று, அதைத் தாங்கக் குடும்பத்திடம் இருக்கும் கையிருப்பு ஒன்று, அந்தச் சம்பவத்துக்குக் குடும்பம் கொடுக்கும் பொருள் ஒன்று. இம்மூன்றும் சேரும் விதத்தில்தான் நெருக்கடி உண்டாகிறது அல்லது உண்டாகாமல் போகிறது என்பது அவர் சொன்னது. இந்தக் குடும்பத்துக்கு அதைவிடப் பொருந்துவது அவர் கண்ட இன்னொரு செய்தி: பிரிவைப் போலவே திரும்பிவருதலும் குடும்பத்தைச் சோதிக்கிறது. கணவர் இல்லாத காலத்தில் மனைவி பொறுப்புகளை ஏற்று வீட்டை வேறு விதமாக ஒழுங்குபடுத்திக்கொள்கிறார். திரும்பி வருகிறவர் விட்டுச்சென்ற இடம் அவருக்காகக் காலியாகக் காத்திருப்பதில்லை.

ஆண்டின் மற்ற மாதங்களில் இந்தக் கணவர் இரண்டு மூன்று நாள் வீட்டில் இருப்பார். முதல் நாள் முழுக்கத் தூங்குவார், யாரும் எழுப்ப மாட்டார்கள். இரண்டாம் நாள் நல்ல மீனாகக் குழம்பு, பிள்ளைகளுக்குத் தின்பண்டம். அதற்குள் படகில் ஐஸ் ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். விருந்தாளிபோல் வந்து போகிறவர் 61 நாள் குடியிருப்பவராக மாறும்போது, அவருக்குப் பாய் விரிக்க இடம் இருக்கிறது, செய்ய வேலை இல்லை. தண்ணீர் எப்போது வரும், பையனின் டியூஷன் எங்கே, கடன் தவணை வாங்க எந்தத் தண்டல்காரர் எந்த நாள் வருவார் என்பதெல்லாம் மனைவியின் கையில். அதே நாட்களில் மனைவியின் உழைப்போ இரட்டிப்பாகிறது: பைபர் படகுக்காரர்கள் கொண்டுவரும் கொஞ்சம் மீனுக்கு ஏலத்தில் போட்டி, விலை ஏற்றம், முன்கூட்டியே போய் நிற்க வேண்டிய கட்டாயம். ஒருவர் வேலையின்றிச் சோர்ந்திருக்கும் மாதமும் மற்றவர் வேலையால் நொறுங்கும் மாதமும் ஒன்றாக வருகின்றன. ஜூன் பிறந்தால் நோட்டுப் புத்தகம், சீருடை, டியூஷன் பணம். ஹாமில்டன் மெக்கபினும் ஜோன் பேட்டர்சனும் 1983இல் ஹில்லின் கருத்தை விரித்தபோது, குடும்பத்தை வீழ்த்துவது தனி ஒரு சம்பவமன்று, பழையது தீர்வதற்குள் புதியது வந்து குவிவதுதான் என்றார்கள். டிசம்பர் சீட்டுகள் இரண்டும் மீட்கப்படாமலேயே ஏப்ரல் வந்துவிட்டதை அந்த மேசையில் கண்ணாலேயே காண முடிந்தது.

பணமுடை மனிதரின் சிந்தனையையே நெருக்குகிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன்பு கையில் காசில்லாத போதும், அறுவடைக்குப் பின்பு பணம் வந்த போதும் சோதித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதே மனிதர்கள்தான், ஆனால் அறுவடைக்கு முன்பு சிந்தனைத் திறனைச் சோதிக்கும் பயிற்சிகளில் அவர்கள் பின்தங்கினார்கள். இதை இந்தத் தம்பதியிடம் சொன்னபோது மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். பொறுப்பில்லாதவர் என்று தாம் சொன்ன மனிதர் ஆண்டு முழுவதும் அப்படி இருந்தவர் அல்லர் என்பது சீட்டுகளின் தேதியிலேயே இருந்தது.

இதுதான் என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம். வெளியிலிருந்து வரும் அழுத்தம் கூடும்போது, துணையின் தவறுக்குச் சூழ்நிலையைக் காரணமாகக் காணும் திறன் தம்பதியரிடம் குறைந்துவிடுகிறது என்பதை லிசா நெஃப், பெஞ்சமின் கார்னி ஆகியோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. சாதாரண நாளில் 'பாவம், களைப்பு' என்று விட்டுக்கொடுக்கத் தெரிந்தவரே நெருக்கடி நாளில் 'இவருடைய குணமே இதுதான்' என்கிறார். காலண்டர் செய்ததை இந்த இருவரும் ஒருவர் மற்றவரின் குணமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள், ஆண்டுதோறும்.

மகளின் வயிற்று வலி

ஐயோவாவிலேயே, 1980களின் விவசாய நெருக்கடிக்குப் பிறகு, ராண்ட் காங்கரும் அவருடைய குழுவினரும் 451 குடும்பங்களை 1989 முதல் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் ஆய்வு தொடங்கியபோது ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள். வறுமை பிள்ளையை நேராகத் தாக்குவதைவிட, பெற்றோரின் மனச்சோர்வு வழியாகவும், அவர்களுக்கிடையேயான சண்டை வழியாகவும், பிள்ளைகளிடம் அவர்கள் நடந்துகொள்ளும் முறையில் வரும் கடுமை வழியாகவுமே அதிகம் போய்ச் சேர்கிறது என்று அவர்கள் கண்டார்கள்.

இங்கே அது போய்ச் சேர்ந்த வழி மிகக் குறுகலானது. பேச்சு நின்றுபோன நாட்களில் தாயும் தந்தையும் மகள் மூலமாகப் பேசிக்கொண்டார்கள். "உங்கப்பன சாப்பிட வரச் சொல்லு." "எனக்கு வேணாம்னு சொல்லு." மூவரும் இருப்பது பத்தடி அறை, ஒவ்வொரு சொல்லும் இருவர் காதிலும் விழத்தான் செய்யும். ஆனாலும் அவள் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும், பதிலை வாங்கி வந்து சொல்ல வேண்டும். அவளிடம் தனியாகப் பேசியபோது, தந்தை சொன்னதில் கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டுத்தான் தாயிடம் சொல்வதாகச் சொன்னாள். பரீட்சை அறையில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் இந்நேரம் யார் சொல்லுவார்கள் என்று நினைப்பாளாம். வலி எப்போது தொடங்கும் என்று கேட்டதற்கு, "செருப்பு போடும்போது" என்றாள்.

செய்ததும், செய்யத் தவறியதும்

முதலில் வைத்த ஒரே நிபந்தனை, மகள் வழியாக இனி ஒரு செய்தியும் போகக் கூடாது என்பது. இருவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். கடைப்பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. இடையில் மாமியார் உதவினார். பேத்தியைக் கூப்பிடும் குரல் கேட்டால், "உனக்கு வாயில்லையா, நீயே கேளு" என்று மகனையே அதட்டத் தொடங்கினார். இதுவரை சண்டையில் மகன் பக்கம் நின்றவர் அவர்.

அடுத்தது கடன். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் இருவர் எதிரிலும் எழுதியபோது, மனைவி இரண்டாவதாக ஒரு தண்டல் வாங்கியிருந்தது கணவருக்குத் தெரியாது என்பதும், கணவர் படகு உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம் மனைவிக்குத் தெரியாது என்பதும் வெளிவந்தன. மறைத்ததற்கு இருவரும் சொன்ன காரணம் ஒன்றே: தெரிந்தால் அவருக்கு மனசு கஷ்டப்படும். மாரடைப்பு வந்த ஆண்களின் மனைவியரை ஆராய்ந்து ஜேம்ஸ் காயின் 1991இல் எழுதியதும் இதைத்தான்: துணை கலங்கக் கூடாதென்று கவலையை மறைக்கிறவர் அந்தக் கவலையின் சுமையைத் தாமே கூடுதலாகச் சுமக்கிறார். நோட்டை மூடியபோது இருவருக்கும் கோபம்தான் மிஞ்சியிருந்தது. அந்தச் சந்திப்பு மோசமாகவே முடிந்தது. ஆனால் எந்தத் தண்டலை முதலில் அடைப்பது என்பதை அடுத்த வாரத்துக்குள் அவர்களே பேசி முடிவெடுத்து வந்தார்கள்.

என் தவறு ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் போடன்மான், தம்பதியர் ஒருவர் அழுத்தத்தை மற்றவர் கேட்டு, அதை இருவரின் பொதுப் பாரமாக ஏற்பதை ஒரு பயிற்சியாகவே வளர்த்தெடுத்திருக்கிறார். நான் அதை நம்பி, இரவு அரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேசச் சொன்னேன். ஐந்து பேர் படுக்கும் அறையில், பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்க, அது விசாரணைபோல் ஆகிவிட்டது. நான்காம் நாள் கணவர் வெளியே போனார், இரவு வரவில்லை. பயிற்சியை நிறுத்தினேன். கோபம் தலைக்கேறியதும் இருபது நிமிடமாவது விலகி இருக்க வேண்டும் என்ற அறிவுரைக்கும் இதே கதிதான். ஆணுக்குத் துறைமுகம் இருக்கிறது. பெண் எங்கே போவார்? பேச்சிலிருந்து கணவர் விலகுவதை மனைவி தம்மை அவமதிப்பதாகவே எடுத்துக்கொண்டதில் இந்தக் கேள்வியும் சேர்ந்திருந்தது. கடைசியில், கணவர் போகும்போது எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவது, மனைவி மொட்டை மாடிக்குப் போனால் மாமியார் பின்னாலேயே போகாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று.

பேசுவதற்கான இடத்தை அவர்களே கண்டுபிடித்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மனைவி ஏலத்துக்குக் கிளம்பும்போது கணவரும் உடன் போய், வாங்கிய மீன் கூடையை ஷேர் ஆட்டோ வரை தூக்கி வருவது. தொழிலாளிகள் சீட்டாடிக் கொண்டிருக்கும் துறைமுகத்தில் பகலில் மனைவியின் கூடையைத் தூக்க அவருக்குக் கூச்சம். அந்த இருட்டில் இல்லை. தண்டல், பள்ளி, அண்ணன் குடும்பம் எல்லாம் அந்த நடையில்தான் பேசப்பட்டன. அதற்கு மேல் அவர் செய்த ஒன்றை நான் கேட்டிருக்கவில்லை. விற்றுவிட்டு வீடு திரும்பியபோது தண்ணீர் டிரம் நிரம்பியிருப்பதை மனைவி ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்திருக்கிறார். மாமியார் நிரப்புவதாக நினைத்திருந்தார். நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வுக்குத் தயாரானவர்களையும் அவர்களுடைய துணைவரையும் நாட்குறிப்பு எழுதவைத்து நயல் போல்கர் செய்த ஆய்வில் (2000), பெறுகிறவர் கவனிக்காத உதவியே மனச்சோர்வை அதிகம் குறைத்தது. சொல்லிக் காட்டிச் செய்யும் உதவி, பெறுபவருக்குத் தம் இயலாமையை நினைவூட்டிவிடுகிறது. அந்த டிரம்மைப் பற்றி வீட்டில் இன்றுவரை யாரும் பேசியதில்லை என்று மனைவி சொன்னார்.

போக்கு

மொத்தம் ஒன்பது சந்திப்புகள், ஆகஸ்டில் நிறுத்தினோம். எட்டாம் வகுப்பின் முதல் மாதத்தில் மகள் இரண்டு நாள் வலியால் விடுப்பு எடுத்தாள், பிறகு குறைந்தது. இதை முழுதும் ஆலோசனையின் பயன் என்று சொல்ல மாட்டேன். கோடை விடுமுறை வந்தது, படகு கடலுக்குப் போனது, தந்தை கையில் காசு வந்தது. உண்மையான சோதனை அடுத்த தடைக்காலம்தான் என்று இருவரிடமும் சொல்லியிருந்தேன்.

2025 ஏப்ரலில், சித்திரை முதல் நாளுக்கு இரண்டு நாள் முன்பு வந்தார்கள். ஜூன் செலவுக்கென்று ஜனவரியிலிருந்து சீட்டு கட்டியிருந்தார்கள். ஒரு தண்டல் அடைந்திருந்தது, மற்றது பாதியில். அந்த மே மாதமும் ஒரு கம்மல் அடகுக்குப் போயிற்று, ஒரு பெரிய சண்டை நடந்தது, கணவர் குடித்திருந்தார். சண்டைக்கு மறுநாள் காலை மனைவி போனில் பேசியபோது, "தடைக்காலம் முடியட்டும் மேடம்" என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, "இன்னும் 23 நாள்" என்றார். மகள் அன்று டியூஷனுக்குப் போயிருந்தாள்.

ஜூன் 13 அன்று வந்தபோது கணவருக்கு உட்கார நேரமில்லை. படகுக்கு ஐஸ் ஏற்ற வேண்டும் என்று இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டார். அடுத்த சந்திப்பை எப்போது வைப்பது என்று மனைவி கேட்டார். அவர் கடலில் இருக்கும் வாரத்தில் வேண்டாம் என்றேன். படகு கரை திரும்பி, ஒரு நாள் முழுக்க அவர் தூங்கி எழுந்த பிறகு, இரண்டாம் நாள் மாலை இருவரும் சேர்ந்து வரச் சொல்லியிருக்கிறேன்.